'லே ஆஃப்' என்றால் வேலை போச்சா? ஒரு சொல்லுக்குள் சிக்கிக்கொள்ளும் சம்பளம்!

சென்னையிலிருந்து கொல்கத்தா போகும் நெடுஞ்சாலையில் செங்குன்றத்தைத் தாண்டினால் சோழவரம். இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளத்தில் நடந்த கார், பைக் ரேஸுக்கு ஒருகாலத்தில் பேர் போன ஊர். இப்போது சாலையின் இரண்டு பக்கமும் குடோன்கள், கன்டெய்னர் லாரிகள், மனை விற்பனைப் பலகைகள். அந்தப் பலகைகளில் 'லே அவுட்' என்று எழுதியிருக்கும். நெடுஞ்சாலையில் லாரிகள் ஒதுங்கி நிற்கும் இடத்துக்கு 'லே பை' என்று பெயர். இதே சாலையில் இன்னும் வடக்கே போனால் கும்மிடிப்பூண்டி சிப்காட். ஆர்டர் குறையும் மாதங்களில் அங்கே டீக்கடைப் பேச்சில் அடிபடும் சொல் 'லே ஆஃப்'.

மூன்றிலும் இருப்பது ஒரே 'லே'தான். கிடத்துவது, வைப்பது என்பது அதன் அர்த்தம். பக்கத்தில் வந்து ஒட்டிக்கொள்ளும் குட்டிச் சொல்தான் எல்லாவற்றையும் மாற்றுகிறது. 'அவுட்' சேர்ந்தால் நிலம் மனையாகிறது, 'பை' சேர்ந்தால் வண்டி ஓரம் கட்டுகிறது, 'ஆஃப்' சேர்ந்தால் ஒருவர் வேலைக்கு வராமல் வீட்டில் இருக்கிறார்.

வீட்டில் எவ்வளவு நாள்? பத்து நாளா, இனிமேல் எப்போதுமா? இங்கேதான் குழப்பம் ஆரம்பிக்கிறது. கூகுள், மெட்டா, டி.சி.எஸ். என்று செய்திகளில் 'லே ஆஃப்' படித்துப் பழகிய ஐ.டி. ஊழியருக்கு அதன் அர்த்தம் ஒன்றே ஒன்றுதான்: வேலை போயிடுச்சு. ஆனால் இந்தியச் சட்டப் புத்தகத்தில் இருக்கும் 'லே ஆஃப்' கிட்டத்தட்ட அதற்கு எதிர்ப்பதம். அங்கே லே ஆஃப் ஆனவருக்கு வேலை இன்னும் இருக்கிறது, செய்வதற்குத்தான் ஒன்றும் இல்லை. இந்த வித்தியாசம் தெரியாமல் போனால் இழப்பது இலக்கண மார்க் இல்லை, சம்பளம்.

தமிழிலும் இதே வித்தை உண்டு

ஆங்கிலத்தில் வினைச்சொல்லோடு 'ஆஃப்', 'அப்', 'அவுட்' போன்றவை சேர்ந்து புது அர்த்தம் தருவதைப் பள்ளியில் 'ஃப்ரேசல் வெர்ப்' என்று சொல்லிக்கொடுத்திருப்பார்கள். மனப்பாடம் செய்யச் சொல்லி நீளமாக ஒரு பட்டியலும் தந்திருப்பார்கள். பலருக்கு அதோடு வெறுத்துப்போயிருக்கும். ஆனால் தமிழ் பேசுகிறவர்கள் தினமும் இதற்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கும் ஒன்றைச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

'நிறுத்து' என்ற வினையை எடுத்துக்கொள்வோம். "வேலையை விட்டு நிறுத்திட்டாங்க" என்றால் கதை முடிந்தது. "வேலைக்கு வர வேணாம்னு நிறுத்தி வெச்சிருக்காங்க" என்றால் கதை பாதியில் நிற்கிறது, திரும்பக் கூப்பிட வாய்ப்பு இருக்கிறது. வினை ஒன்றுதான். பின்னால் வருவது 'விடு'வா 'வை'யா என்பதில்தான் ஒருவருடைய அடுத்த மாத வாடகையே இருக்கிறது.

இந்தியச் சட்டத்தின் 'லே ஆஃப்', 'நிறுத்தி வைப்பது'. அமெரிக்க ஐ.டி. செய்தியின் 'லே ஆஃப்', 'நிறுத்திவிடுவது'. தமிழ் நாளிதழ்கள் இரண்டுக்குமே பெரும்பாலும் 'ஆட்குறைப்பு', 'பணிநீக்கம்' என்று போட்டுவிடுவதால் குழப்பம் கூடத்தான் செய்கிறது. தொழிற்சாலைகளில் இந்தச் சொல்லை மொழிபெயர்க்காமல் 'லே ஆஃப்' என்றே சொல்வது ஒருவகையில் நல்லதுதான்.

ஆங்கிலத்திலும் முதலில் இது தற்காலிகச் சொல்தான். 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் வேலை மந்தமான பருவத்தில் ஆட்களைக் கொஞ்ச நாள் வீட்டுக்கு அனுப்புவதை அப்படிச் சொன்னார்கள். பிற்பாடு டெட்ராய்ட் கார் தொழிற்சாலைகளில், புது மாடலுக்காக இயந்திரங்களை மாற்றும் வாரங்களில் தொழிலாளர்கள் 'லே ஆஃப்' ஆவார்கள். வேலை தொடங்கியதும் சீனியாரிட்டிப்படி திரும்பக் கூப்பிடுவார்கள். காலப்போக்கில் திரும்பக் கூப்பிடுவது நின்றுபோனது, சொல் மட்டும் தங்கிவிட்டது. 'டிஸ்மிஸ்' என்பதைவிட இது காதுக்கு மென்மையாக இருந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனாலும் பழைய அர்த்தம் அங்கே முழுசாகச் சாகவில்லை. 2020 ஏப்ரலில், கொரோனா ஊரடங்கின் உச்சத்தில், 'தற்காலிக லே ஆஃப்' என்ற கணக்கில் மட்டும் அமெரிக்காவில் சுமார் 1.8 கோடிப் பேர் இருந்தார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

தொழில் தகராறுகள் சட்டம் 1947-இல் வந்தபோது அதில் 'லே ஆஃப்' என்ற சொல்லுக்கு விளக்கம் கிடையாது. 1953-இல் கொண்டுவந்த திருத்தத்தில்தான் அது சேர்ந்தது. நிலக்கரி, மின்சாரம், மூலப்பொருள் தட்டுப்பாடு, விற்காமல் தேங்கிய சரக்கு, இயந்திரக் கோளாறு, இயற்கைப் பேரிடர் அல்லது இவற்றோடு தொடர்புடைய காரணத்தால், வருகைப் பதிவேட்டில் பெயர் உள்ள தொழிலாளிக்கு நிர்வாகத்தால் வேலை தர முடியாமல் போனால் அது லே ஆஃப். அந்த விளக்கத்திலேயே ஒரு முக்கியமான நிபந்தனையும் இருக்கிறது: அவர் ஆட்குறைப்பு செய்யப்பட்டவராக இருக்கக் கூடாது. அதாவது, பெயர் பதிவேட்டில் இருந்தே ஆக வேண்டும்.

இந்தக் காரணப் பட்டியலைத் திருவள்ளூர் மாவட்டத்தில் யாருக்கும் தனியாக விளக்க வேண்டியதில்லை. கும்மிடிப்பூண்டியில் மின்சாரத்தை நம்பி ஓடும் இரும்பு உருக்கும் ஆலைகள் இருக்கின்றன. தமிழகம் கடும் மின்வெட்டில் தவித்த 2012 போன்ற வருஷங்களில் 'பவர் ஹாலிடே' என்ற வார்த்தை ஆலைகளில் சர்வசாதாரணம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் வெள்ளம் புகுந்தது. வண்டி விற்பனை படுத்தால் உதிரிபாகம் செய்யும் சின்னப் பட்டறை வரைக்கும் அடி விழும்.

சட்டத்தில் ஒரு சுவாரசியமான விவரம் இருக்கிறது. தொழிலாளி வழக்கமான நேரத்தில் வேலைக்கு வந்து நிற்கிறார். இரண்டு மணி நேரத்துக்குள் வேலை கொடுக்கவில்லை என்றால், அன்றைக்கு அவர் லே ஆஃப் என்றே கணக்கு. "இப்ப போயிட்டு ஷிப்டோட ரெண்டாவது பாதிக்கு வாங்க" என்று சொல்லி, அவர் வந்ததும் வேலையும் கொடுத்துவிட்டால், பாதி நாள் மட்டும் லே ஆஃப். இரண்டாம் பாதிக்கு வரச் சொல்லி, அவர் வந்த பிறகும் வேலை தரவில்லையா? அப்படியானால் அந்தப் பாதிக்கு முழு அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் கொடுத்தாக வேண்டும். வீணாக அலைய வைத்ததற்கு நிர்வாகம் கட்டும் விலை என்று வைத்துக்கொள்ளலாம்.

சரி, லே ஆஃப் நாளுக்கு எவ்வளவு கிடைக்கும்? அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி இரண்டையும் கூட்டினால் வரும் தொகையில் 50 சதவீதம். வார விடுமுறை நாளுக்குக் கிடையாது. குறைந்தது 50 தொழிலாளர்கள் உள்ள, பருவகாலத்துக்கு மட்டும் இயங்காத ஆலையாக இருக்க வேண்டும். தொழிலாளி ஒரு வருடத் தொடர் சேவை முடித்திருக்க வேண்டும். சட்டத்தின் கணக்கில் 12 மாதங்களில் 240 நாள் வேலை பார்த்திருந்தாலே அது ஒரு வருடம்தான். 12 மாதங்களில் லே ஆஃப் 45 நாளைத் தாண்டினால், அதற்கு மேல் இழப்பீடு இல்லை என்று ஒப்பந்தம் போட்டுக்கொள்ள சட்டம் இடம் கொடுக்கிறது. ஒப்பந்தம் இல்லையென்றால் நிர்வாகம் தானாக நிறுத்திவிட முடியாது.

பெரிய ஆலைகளுக்கு இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. லே ஆஃப் விடுவதற்கு முன்பே அரசிடம் அனுமதி வாங்க வேண்டும். மின்தடை, இயற்கைப் பேரிடர் ஆகிய காரணங்களுக்கு மட்டும் விலக்கு. அனுமதி இல்லாமல் விட்டால் அது சட்டவிரோதம், வேலை செய்திருந்தால் கிடைக்கக்கூடிய முழுப் பணத்தையும் தொழிலாளி கேட்கலாம். 'பெரிய ஆலை' என்பதற்கான அளவு பல வருடங்களாக 100 தொழிலாளர்கள். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு அதை 300 ஆக உயர்த்திவிட்டது. 50 சதவீத இழப்பீடு புதிய சட்டத்திலும் தொடர்கிறது. ஆனால் 150 பேர், 200 பேர் வேலை பார்க்கும் ஆலைகள் அனுமதி கேட்க வேண்டிய அவசியம் போய்விட்டது. தொழிற்சங்கங்கள் இந்தச் சட்டத்தை எதிர்ப்பதற்கு முக்கியக் காரணங்களில் இதுவும் ஒன்று.

கேட்டுக்கு வராவிட்டால் காசு இல்லை

லே ஆஃப் என்று மெசேஜ் வருகிறது. தொழிலாளி வேலை போய்விட்டது என்று நினைத்து ஊருக்கு ரயில் ஏறிவிடுகிறார். அல்லது கேட் பக்கமே போகாமல் வேறு இடத்தில் தினக்கூலிக்குப் போகிறார். என்ன ஆகும்?

லே ஆஃப் காலத்தில் வேலை நேரத்தில் தினமும் ஒருமுறையாவது ஆலைக்கு வந்து ஆஜராகாதவருக்கு இழப்பீடு கிடையாது என்கிறது சட்டம். அவர் வந்தால் பதிவு செய்வதற்காகப் பதிவேட்டை வைத்திருப்பது நிர்வாகத்தின் கடமை. அதே ஆலையிலோ, அருகிலேயே அதே முதலாளிக்குச் சொந்தமான வேறு ஆலையிலோ தகுந்த மாற்று வேலையைப் பழைய சம்பளத்துக்கே தந்தும் மறுத்தாலும் கிடையாது. ஆலையின் ஒரு பிரிவில் நடக்கும் வேலைநிறுத்தத்தால் இன்னொரு பிரிவு லே ஆஃப் ஆனாலும் கிடையாது.

ஆக, 'லே ஆஃப்' என்பதை 'டிஸ்மிஸ்' என்று புரிந்துகொண்டு வீட்டில் உட்கார்ந்தவர் அந்தப் பாதிச் சம்பளத்தையும் தானே விட்டுக்கொடுத்தவர் ஆகிறார். ஒரு நாள் பேசிக்கும் டி.ஏ.வும் சேர்த்து ₹700 என்று வைத்துக்கொண்டால், 10 வேலைநாள் லே ஆஃபுக்கு ₹3,500. வடக்கிலிருந்து வந்து வாடகை அறையில் நாலைந்து பேராகத் தங்கியிருப்பவருக்கு அது ஒரு மாதச் சாப்பாட்டுக் காசு.

தலைகீழான குழப்பத்தில் நஷ்டம் இன்னும் பெரிசு. நிரந்தரமாக வீட்டுக்கு அனுப்புவதைச் சட்டம் 'ரிட்ரெஞ்ச்மென்ட்' என்கிறது. ஆட்குறைப்பு என்ற தமிழ்ச் சொல் சரியாகப் பொருந்துவது இதற்குத்தான். ஒரு வருடம் முடித்த தொழிலாளிக்கு ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், பூர்த்தியான ஒவ்வொரு வருட சேவைக்கும் 15 நாள் சராசரி ஊதியம் தர வேண்டும். கடைசியாகச் சேர்ந்தவரை முதலில் அனுப்ப வேண்டும் என்பது பொது விதி. பிற்பாடு ஆள் எடுத்தால் அனுப்பப்பட்டவருக்கு முன்னுரிமை. மேலே சொன்ன அதே ₹700 தொழிலாளிக்கு ஆறு வருட சேவை இருந்தால் 90 நாள் ஊதியம், அதாவது ₹63,000. அதோடு நோட்டீஸ் பணம் தனி.

இப்போது, "நீங்க லே ஆஃப்ல இருக்கீங்க, கூப்பிடுறோம்" என்று ஒரு நிர்வாகம் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு மாதக்கணக்கில் கூப்பிடாமலே இருந்தால்? தொழிலாளி ₹63,000 கேட்க முடியாமல், புது வேலைக்கும் போக முடியாமல் நடுவில் தொங்குவார். எனவேதான் லே ஆஃப் என்று சொன்னதும் எழுத்தில் கேட்பது அவசியம். எந்தத் தேதியிலிருந்து, என்ன காரணத்துக்காக, பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும்.

இதில் எதுவுமே எட்டாத ஒரு பெரிய கூட்டம் இருக்கிறது. லே ஆஃப் இழப்பீடு பத்லி, கேஷுவல் தொழிலாளர்களுக்குக் கிடையாது. மற்றவர் வராத நாளில் மட்டும் அவர் இடத்தில் நிற்பவர்தான் பத்லி. அவர் ஒரு வருடத் தொடர் சேவை முடித்துவிட்டால் சட்டம் அவரைப் பத்லியாகப் பார்ப்பதில்லை. கான்ட்ராக்ட் தொழிலாளியின் பெயர் ஆலையின் பதிவேட்டில் இருக்காது, கான்ட்ராக்டர் பதிவேட்டில் இருக்கும். "நாளைக்கு வேலை இல்லப்பா" என்ற ஒரு வரியோடு அவருடைய லே ஆஃப் முடிந்துவிடும். கான்ட்ராக்டரிடம் குறைந்தது 50 பேர் இருந்து, அவரும் 240 நாள் முடித்திருந்தால் கேட்க முடியும். ஆனால் அந்த 240 நாளை நிரூபிக்க அவர் கையில் பெரும்பாலும் பி.எஃப். கணக்கையும் இ.எஸ்.ஐ. அட்டையையும் தவிர வேறு காகிதம் இருக்காது.

சொல்லைத் தவிர்ப்பதும் உண்டு. 2019-இல் வாகன விற்பனை சரிந்தபோது, சோழவரத்துக்குக் கிழக்கே இருக்கும் எண்ணூர் அசோக் லேலண்ட் ஆலைக்கு செப்டம்பரில் மட்டும் 16 'நான் வொர்க்கிங் டே' அறிவிக்கப்பட்டது. மாருதி அதே மாதம் இரண்டு நாட்களை 'நோ புரொடக்‌ஷன் டே' என்றது. வேலை இல்லாத நாள் என்பது ஒன்றுதான், ஆனால் 'லே ஆஃப்' என்ற சொல் வந்தால் சட்டப் பிரிவுகளும் கூடவே வரும். இதுபோன்ற நாட்களின் சம்பளம் நிர்வாகமும் சங்கமும் போட்டுக்கொள்ளும் ஒப்பந்தத்தைப் பொறுத்தது. சங்கம் இல்லாத ஆலையில் யார் பேசுவது என்பது வேறு கேள்வி.

இன்னும் இரண்டு சொற்களோடும் இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. 'சஸ்பென்ஷன்' என்பது விசாரணை நடக்கும்போது ஒருவரை ஒதுக்கி வைப்பது. அதிலும் முதல் 90 நாளுக்குப் பாதி ஊதியம் என்பதால் பலர் இரண்டையும் ஒன்று என்று நினைக்கிறார்கள். சஸ்பென்ஷனில் குற்றச்சாட்டு இருக்கும், லே ஆஃபில் யார் மீதும் குற்றம் கிடையாது. 'குளோஷர்' என்பது ஆலையையே இழுத்து மூடுவது. 2014 நவம்பரில் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியாவில் உற்பத்தி நின்றதும், 2022-இல் மறைமலை நகர் ஃபோர்டு ஆலையில் கடைசி வண்டி வெளியே வந்ததும் இந்த வகை. அவற்றை லே ஆஃப் என்று எழுதுவது தவறு.

ஐ.டி. பார்க்கில் இது செல்லுமா?

பதவிப் பெயர் 'எக்ஸிக்யூட்டிவ்', 'அனலிஸ்ட்' என்று இருப்பதால் மட்டும் ஒருவர் சட்டத்துக்கு வெளியே போய்விடுவதில்லை. உண்மையில் என்ன வேலை செய்கிறார் என்பதைத்தான் பார்ப்பார்கள். மேலாண்மை, நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்கள் வர மாட்டார்கள். மேற்பார்வை வேலை பார்ப்பவர் மாதம் ₹18,000-க்கு மேல் வாங்கினால் வர மாட்டார் என்கிறது புதிய சட்டம். யாரையும் மேய்க்காமல் கோடு மட்டும் எழுதும் இன்ஜினியர் தொழிலாளிதான் என்று வாதிட இடம் இருக்கிறது. தொழில் தகராறுகள் சட்டம் ஐ.டி. ஊழியர்களுக்கும் பொருந்தும், அவர்கள் சங்கமும் அமைக்கலாம் என்று தமிழக அரசு 2016-இலேயே தெளிவுபடுத்தியிருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், சட்டத்தில் இருக்கும் உண்மையான லே ஆஃபுக்கு ஐ.டி.யில் மிக நெருக்கமாக வருவது 'பெஞ்ச்'. பெயர் பட்டியலில் இருக்கும், புராஜெக்ட் இருக்காது. சம்பளம் மட்டும் பாதியாகாமல் முழுசாக வரும். அங்கே 'லே ஆஃப்' என்று சொல்வது நடைமுறையில் ஆட்குறைப்பு. அதிலும் பல இடங்களில் "நீங்களே ராஜினாமா கொடுத்துடுங்க" என்று எழுதி வாங்கிவிடுவதால், சட்டத்தின் கண்ணில் அது ஆட்குறைப்பாகக்கூடத் தெரியாது. கையெழுத்துப் போடும் முன் இதை யோசிக்க வேண்டும். ராஜினாமா செய்தவருக்கு வருடத்துக்கு 15 நாள் கணக்கு கிடையாது.

சரியாகச் சொல்வது எப்படி?

இறந்தகால வடிவம் 'லெய்ட் ஆஃப்'. 'லே ஆஃப்டு' என்று ஒரு வடிவம் கிடையாது. அனுப்பியது கம்பெனி, அனுப்பப்பட்டது ஆள் என்பதால், "ஐ வாஸ் லெய்ட் ஆஃப்" என்றுதான் சொல்ல வேண்டும். 'வாஸ்' விட்டுப்போய் "ஐ லெய்ட் ஆஃப்" என்றால், யாரையோ நீங்கள் வேலையை விட்டு அனுப்பியது போலவோ, எதையோ கைவிட்டது போலவோ ஆகிவிடும்.

ஆளின் பெயர் நடுவிலும் வரலாம், கடைசியிலும் வரலாம். "தே லெய்ட் ஆஃப் ஃபார்ட்டி வொர்க்கர்ஸ்", "தே லெய்ட் ஃபார்ட்டி வொர்க்கர்ஸ் ஆஃப்" இரண்டுமே சரி. ஆனால் 'மீ', 'ஹிம்', 'தெம்' வந்தால் அது நடுவில்தான் உட்கார வேண்டும்: "தே லெய்ட் தெம் ஆஃப்." கடைசியில் தள்ளினால் ஆங்கிலக் காதுக்கு உடனே உறுத்தும்.

வேலைக்குச் சம்பந்தமே இல்லாத அர்த்தங்களும் இருக்கின்றன. "லே ஆஃப் ஸ்வீட்ஸ் ஃபார் அ வைல்" என்று டாக்டர் சொன்னால், கொஞ்ச நாள் இனிப்பை நிறுத்தி வையுங்கள் என்று அர்த்தம். "லே ஆஃப் ஹிம்!" என்று ஒருவர் கத்தினால், அவனை விடு, சீண்டாதே என்று அர்த்தம். முக்கியமான விஷயம், இங்கே 'ஹிம்' கடைசியில்தான் வரும். "லே ஹிம் ஆஃப்" என்றால் அவனை வேலையிலிருந்து அனுப்பு என்றாகிவிடும். இரண்டு சொல் இடம் மாறினால், ஒருவரைக் காப்பாற்றச் சொன்னது அவரை வீட்டுக்கு அனுப்பச் சொன்னதாகிறது. கால்பந்து வர்ணனையில் வரும் 'லே ஆஃப்' வேறு. பக்கத்தில் ஓடிவரும் சக வீரருக்குப் பந்தை மெல்லத் தட்டிக்கொடுப்பது அது.

இன்டர்வியூவில் பழைய வேலை ஏன் போனது என்று கேட்டால், 'ஃபயர்டு' என்றும் 'டெர்மினேட்டட்' என்றும் சொல்லிக்கொள்ள வேண்டாம். முதல் சொல் தப்பு செய்தவர் என்ற வாசனையோடு வரும், இரண்டாவது காரணத்தையே சொல்லாது. புராஜெக்ட் மூடியதாலோ ஆர்டர் குறைந்ததாலோ வேலை போயிருந்தால் "மை டீம் வாஸ் லெய்ட் ஆஃப்" என்ற ஒரு வரி போதும். அனுபவச் சான்றிதழில் என்ன காரணம் எழுதியிருக்கிறது என்பதை மட்டும் முன்பே பார்த்துவிடுவது நல்லது. அதில் 'ரிசைன்டு' என்று இருந்து, வாயில் 'லெய்ட் ஆஃப்' என்று வந்தால், பின்னணிச் சரிபார்ப்பு செய்பவர் அங்கேதான் முதலில் நிறுத்துவார்.